ஊசி அட்டையும் பிள்ளைத்தமிழும்

எங்கள் வீட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் இரண்டு ஊசி அட்டைகள் இருக்கின்றன. மூத்தவனுடையது மடிப்பில் கிழிந்து செலோடேப் போட்டு ஒட்டியது. இளையவளுடையது இன்னும் மொறமொறப்பாக இருக்கிறது. அவற்றுக்குப் பக்கத்தில், என் அம்மா புலவர் படிப்புக்காக வாங்கிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் உரைநூல் ஒன்றும் உண்டு. இளையவள் பிறந்த பிறகு, அவளை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்த இரவுகளில் அந்த நூலைப் புரட்டத் தொடங்கினேன். அட்டையும் நூலும் ஒரே பொருளைப் பற்றியவை என்பது அப்போதுதான் புலப்பட்டது. ஒரு குழந்தையின் முதல் இரண்டு ஆண்டுகளை மாதம் மாதமாகப் பிரித்து, இந்த மாதத்தில் இது நடக்கும் என்று இரண்டுமே சொல்கின்றன. ஒன்றை சுகாதார நிலையம் கையில் கொடுத்தது. மற்றொன்றைப் புலவர்கள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவளாக இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

இரண்டின் அமைப்பு

கடவுளையோ அரசரையோ குழந்தையாக்கிப் பாடும் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். பருவத்துக்குப் பத்துப் பாட்டு, ஆக நூறு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. கடைசி மூன்று மட்டும் மாறும். ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். 3ஆம் மாதம் தொடங்கி 21ஆம் மாதம் வரை, ஒற்றைப்படை மாதங்களில் இவற்றைப் பாடலாம் என்று பாட்டியல் இலக்கணம் வகுக்கிறது. நூலுக்கு நூல் கணக்கு முன்பின் ஆவதும் உண்டு.

இந்த மரபின் ஊற்று பெரியாழ்வார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு யசோதையாகவே தம்மை எண்ணிக் கண்ணனைப் பாடினார். தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று தொடங்கி, பிள்ளை பின்னால் வந்து முதுகைக் கட்டிக்கொள்வது, பூச்சி காட்டிப் பயமுறுத்துவது, காது குத்துவது, குளிப்பாட்டுவது, தலை வாருவது, பூச்சூட்டுவது, அந்தியில் காப்பிடுவது என ஒரு தாயின் முழு நாளையும் அதில் அடுக்கிவிட்டார். தனி நூலாகக் கிடைப்பவற்றில் பழையது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். எங்கள் பீரோவில் இருக்கும் குமரகுருபரரின் நூல் 17ஆம் நூற்றாண்டினது.

ஊசி அட்டையில் ஒரு பக்கம் தடுப்பூசிக் கட்டங்கள். பிறந்தவுடன், ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், 9ஆம் மாதம், 16 முதல் 24 மாதத்துக்குள் என்று அவை போகும். இன்னொரு பக்கம் எடைக்கோடு. பெண்ணுக்கு இளஞ்சிவப்பு, ஆணுக்கு நீலம். இந்தக் கோடு உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோல். இதற்காக 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்தார்கள். நம் நாட்டுப் பிள்ளைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். வளர்ச்சிப் படிகளுக்கும் அட்டையில் கட்டங்கள் உண்டு. அந்தப் படிகளைக் கவனிக்க, நமக்கு அடுத்த மாநிலத்துத் திருவனந்தபுரத்திலிருந்தே 1991இல் 17 செயல்கள் கொண்ட ஒரு பட்டியல் வந்தது. அது குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதில் தொடங்கி, பொம்மையின் உறுப்புகளைத் தொட்டுக்காட்டுவதில் முடிகிறது.

காப்பு

பிள்ளைத்தமிழின் முதல் பருவத்தில் குழந்தை எதுவும் செய்வதில்லை. திருமாலில் தொடங்கித் தெய்வங்களை ஒவ்வொருவராக அழைத்து, இந்தப் பிள்ளையைக் காக்க வேண்டும் என்று வேண்டுவதுதான் காப்பு. பிறந்த அன்றே பாடாமல் 3ஆம் மாதத்தில் இதை ஏன் வைத்தார்கள் என்று யோசித்திருக்கிறேன். தங்குமோ தங்காதோ என்ற அச்சம் கழிந்து, பிள்ளை தலை நிற்கத் தொடங்கும் வேளை அது. அந்த அச்சத்தை அறிந்தவர்கள் வைத்த கணக்கு என்றே எனக்குப் படுகிறது.

அட்டையின் காப்பு பிறந்த அன்றே தொடங்குகிறது. இடது தோளில் காசநோய்த் தடுப்பூசி, தொடையில் மஞ்சள்காமாலைக்கு ஒன்று, வாயில் போலியோ சொட்டு. மூத்தவனுக்கு ஒன்றரை மாத ஊசி போட்டு வந்த புதன்கிழமை இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு தொடையும் கன்றிப்போய், உடம்பு கொதித்து, இறக்கினால் அழுதான். விடியும்வரை தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அன்று அந்த ஊசியை வைதேன். இன்று வையமாட்டேன். 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020இல் அது 28 ஆனது, தமிழ்நாட்டில் 13. இதற்குப் பல காரணங்கள் உண்டு. தடுப்பூசி அவற்றில் பெரியது. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் தாக்கப்பட்ட நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தை. காப்பு என்ற இந்த ஒரு பருவத்தில் அட்டை பாட்டை வென்றுவிட்டது. இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன்.

செங்கீரையும் சப்பாணியும்

அடுத்து வரும் பருவங்களில் புலவர்களின் கண் மருத்துவரின் கண்ணுக்குச் சற்றும் குறைந்ததில்லை. செங்கீரை என்பது 5ஆம் மாதம். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்திக் காற்றில் கீரைத்தண்டு ஆடுவதுபோல ஆடும் கோலம். குப்புற விழுந்த பிள்ளை நெஞ்சைத் தூக்கிக் கையில் பாரம் தாங்குகிறதா என்று மருத்துவரும் இந்த மாதங்களில்தான் பார்க்கிறார். தால் என்றால் நாக்கு. நாக்கை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு. அது வரும் 7ஆம் மாதத்தையொட்டித்தான் குழந்தையின் நாக்கும் ‘பாபா’, ‘மாமா’ என்று ஒரே அசையைத் திருப்பித் திருப்பிச் சொல்லத் தொடங்குகிறது. 9ஆம் மாதத்துச் சப்பாணி கைகொட்டுதல். திருவனந்தபுரம் பட்டியலின் 17 செயல்களிலும் கைகொட்டும் விளையாட்டு ஒன்று. எட்டு நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு வேறு அறிவுகள் ஒரே சின்னக் கைத்தட்டலில் வந்து சந்திக்கின்றன.

ஆனால் கேட்கும் விதத்தில் வேறுபாடு இருக்கிறது. கைகொட்டுகிறதா என்று அட்டை கேட்கும். கைகொட்டு என்று பாட்டு கூப்பிடும். காப்பும் அம்புலியும் நீங்கலாக முதல் ஏழு பருவங்களையும் எடுத்துப் பாருங்கள். ஆடு, உறங்கு, கொட்டு, முத்தம் கொடு, வா என்று ஒவ்வொன்றும் எதிரில் ஒருத்தி உட்கார்ந்து பிள்ளையிடம் சொல்வது. மூத்தவனை வளர்த்தபோது நான் அட்டையின் பக்கம் நின்றேன். சப்பாணி கொட்டினானா என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். இளையவளிடம் நானும் சேர்ந்து கொட்டினேன். இந்த வேறுபாடு என் உடம்புக்கே தெரிந்தது. அவனை வளர்த்த நாட்களில் எப்போதும் ஒரு பரீட்சை நடந்துகொண்டிருந்ததுபோல் தோள் இறுகிக் கிடந்தது.

வருகை

மூத்தவன் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே ஒரு கையை ஊன்றி வீடெல்லாம் நகர்ந்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டது. இவன் பதினாலு மாதமாகியும் சோபாவைப் பிடித்துக்கொண்டே நின்றான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான். “அவன் அப்பனும் இப்படித்தாம்மா உக்காந்தே சுத்துனான். நீ ஏன் பயந்து சாகுற” என்றார் அத்தை. எனக்கு மனம் ஆறவில்லை. கடைசியில் குழந்தை மருத்துவர் ஒருவர்தான் உட்காரவைத்து விளக்கினார். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் தனியாக நடந்த வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரவியிருந்தது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்திருக்கிறார்கள். அன்று நிம்மதியாகத் தூங்கினேன். எண்களால் பயந்த எனக்கு எண்களே மருந்தாகவும் ஆயின. தேதியாக நினைத்திருந்ததை ஒரு பரப்பாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

பிள்ளைத்தமிழ் வருகைப் பருவத்தை 13ஆம் மாதத்தில் வைக்கிறது. 12 என்பாரும் உண்டு. அந்த ஆய்வின் சராசரியும் 12 மாதத்தை ஒட்டியதே. ஆனால் புலவர் அந்தப் பருவத்துக்கு நடை என்று பெயர் வைக்காமல் வருகை என்று வைத்தார். நடை என்பது குழந்தையின் காலோடு முடிந்துவிடும். வருகை என்றால் வந்து சேர ஓர் இடம் வேண்டும். அங்கே கைநீட்டி ஒருத்தி காத்திருக்க வேண்டும். பதினைந்தாம் மாதத்தில் ஒரு மாலை, கூடத்தின் இந்தக் கோடியில் நான் மண்டியிட்டிருக்க, அவன் சோபாவை விட்டுவிட்டு ஐந்து எட்டு எடுத்து என் மேல் வந்து விழுந்தான். அட்டையில் ‘நடக்கிறான்’ என்று எழுதினேன். நடந்தது வருகை.

அம்புலி

பத்துப் பருவங்களிலும் பாடக் கடினமானது அம்புலி என்பார்கள். நிலவைப் பிள்ளையோடு விளையாட வரச்சொல்லிச் சாமம், தானம், பேதம், தண்டம் என்ற நான்கு வழியாலும் புலவர் கேட்க வேண்டும். நல்ல வார்த்தை சொல்வது, இன்னது தருவேன் என்பது, நீயா அவளா என்று வேறுபடுத்திக் காட்டுவது, வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று மிரட்டுவது. இரவுச் சோறு ஊட்டும் எந்தத் தாய்க்கும் இந்த நான்கும் தெரியும். பருப்புச்சோற்றுக் கிண்ணத்தோடு மொட்டைமாடிக்குப் போய், ஒரு கவளத்துக்கு ஒன்றாக நாலையும் நானும் பயன்படுத்தியிருக்கிறேன்.

இந்தப் பருவத்துக்குச் சொல்லப்படும் மாதம் 15. இன்று 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளிடம் ஆட்டிசம் அறிகுறி உண்டா என்று பார்க்கும் கேள்வித்தாளில் முதல் கேள்வி, தூரத்தில் உள்ள ஒன்றை நீங்கள் சுட்டிக்காட்டினால் குழந்தை அதைப் பார்க்கிறதா என்பது. விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் பொருளைப் பார்ப்பதும், தான் கண்டதை அம்மாவும் காண வேண்டும் என்று விரல் நீட்டுவதும் பேச்சுக்கு முன்னால் வரும் பேச்சு. நிலாச்சோறு ஊட்டிய பாட்டிகள் இதைத் தினமும் செய்தார்கள். கையில் கைபேசியைக் கொடுத்து ஊட்டும்போது வயிறு நிறையும். இருவரும் சேர்ந்து ஒன்றைப் பார்ப்பது போய்விடும்.

குறைகள்

பிள்ளைத்தமிழ் கடவுளையும் அரசரையும் பெரியோரையும் குழந்தையாக்கிப் பாடியது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையும் உறக்கம் கெட்ட தாயும் அதில் இல்லை. ஆணுக்குப் பறையும் தேரும், பெண்ணுக்கு அம்மானையும் ஊசலும் என்று அது பிரித்ததையும் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் டப்பாவைத் தட்டி ஊரைக் கூட்டுபவள் மகள்தான். இந்த இடத்தில் அட்டை நேர்மையானது. எடைக்கோட்டை இரண்டாகப் போட்டாலும், உட்காரவும் நடக்கவும் பேசவும் இருவருக்கும் ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறது.

குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை என்றும், திருச்செந்தூர் முருகன் சன்னிதியில் பேச்சு வந்தது என்றும் மரபு சொல்கிறது. மீனாட்சியைச் சிறுபிள்ளையாக்கிப் பாடியவர் தாமதமாகப் பேசிய பிள்ளை என்பது தாய்மாருக்கு ஆறுதல்தான். ஆனால் அந்த ஆறுதலை நம்பி ஐந்து வயது வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளையை மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனையை ஒட்டி இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கோ அழைத்துப்போக வேண்டும். கோயிலுக்கும் போகலாம்.

அட்டையின் குறை அதன் கட்டத்தில் இருக்கிறது. குழந்தையோடு பேசுங்கள், விளையாடுங்கள் என்று அட்டைகளில் படம் போடுகிறார்கள். ஆனால் டிக் போடும் கட்டம் குழந்தைக்கு மட்டுமே. அந்த மாதத்தில் யாரும் எதிரில் உட்கார்ந்தார்களா என்பதற்குக் கட்டம் இல்லை. அதனால் ஒரு கட்டம் காலியானால் குறை குழந்தையுடையது போலவும், எல்லாம் நிரம்பினால் வேலை முடிந்தது போலவும் தோன்றிவிடுகிறது.

கடைசிப் பருவங்கள்

இரண்டும் முடியும் விதத்தை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. சிற்றில் பருவத்தில் பேசுவது தாய் அல்ல. தெருவில் மணல்வீடு கட்டி விளையாடும் சிறுமிகள், எங்கள் வீட்டை மிதித்து அழிக்காதே என்று அந்தப் பயலிடம் கெஞ்சுகிறார்கள். மடியிலிருந்து பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டான். அவனைக் கூப்பிட வேறு குரல்கள் வந்துவிட்டன. பிறகு பறை கொட்டுகிறான், தேர் உருட்டுகிறான். ‘வா’ என்று அழைத்தவள் அதற்கு மேல் அழைக்கவில்லை.

அட்டையிலும் இதே நகர்வு இருக்கிறது. முதலில் மாதத்துக்கு ஒரு தேதி. 9ஆம் மாதத்துக்குப் பிறகு அடுத்தது 16ஆம் மாதம். அதற்குப் பிறகு 5 வயது, 10 வயது, 16 வயது. தேதிகளுக்கு நடுவில் வெள்ளை இடம் கூடிக்கொண்டே போகிறது.

சென்ற புதன்கிழமை இளையவளுக்கு ஒன்றரை வயது ஊசி போட்டு முடித்தோம். அடுத்த தேதியை மாதத்தில் எழுதாமல் ஆண்டில் எழுதிக் கொடுத்தார் செவிலியர். வீட்டுக்கு வந்ததும் ஊசி போட்ட காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தவள், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கயிறு கட்டிக் கடகடவென்று வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். படிக்கட்டில் அவள் அண்ணன் காத்திருந்தான். நான் கதவருகிலேயே நின்றேன். கூப்பிடவில்லை.