வெள்ளை உடுத்தவர்

தேர்தல் வந்துவிட்டால் எங்கட மதில்களைப் பார்த்திருப்பீங்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட், கும்பிட்ட கை. இவரை ஆங்கிலத்தில் 'கண்டிடேட்' எண்டு சொல்லுறம். அந்தச் சொல்லின் பழைய அர்த்தமே 'வெள்ளை உடுத்தவர்' என்பதுதான்!

பண்டைய ரோமில் குடிமக்கள் போர்த்திய தோகா கம்பளியால் நெய்தது. இயல்பாகவே கொஞ்சம் மங்கல் நிறம். பதவிக்குப் போட்டியிடுபவர் அதில் சுண்ணப்பொடி தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டு சனத்துக்குள் போவார், கைகொடுப்பார், பேர் சொல்லிக் கூப்பிடுவார். லத்தீனில் சாதாரண வெள்ளை 'அல்புஸ்' (எங்கட 'அல்பம்' அங்கிருந்து வந்தது). கண்ணைப் பறிக்கும் வெள்ளைதான் 'கண்டிடுஸ்'. அந்த வெள்ளை உடுத்தவர் 'கண்டிடாத்துஸ்'.

இதுக்கும் ஒரு சண்டை நடந்திருக்கு. கி.மு. 432இல், வாக்குக் கேட்பதற்காக உடுப்பை வெளுக்கக் கூடாது என்று சாமானியர்களின் பிரதிநிதிகள் சட்டம் கொண்டுவந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். மேட்டுக்குடியினரே திரும்பத் திரும்பப் பதவிக்கு வருகிறார்கள் என்பதுதான் அவர்களின் கோபம். சட்டம் எவ்வளவு நிலைத்தது? கி.மு. 64இல் சிசரோ தன் போட்டியாளர்களைத் தாக்கிப் பேசிய உரைக்குப் பெயரே 'வெள்ளைத் தோகாவில்'. அப்போது செனட்டில் அடிபட்ட விசயம், வாக்குக்கு லஞ்சம். உடுப்பு மட்டும் வெள்ளை.

ஆங்கிலத்தில் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவரை 'கண்டிட்' என்பார்கள். அதுவும் இதே சொல்தான். நக்கலுக்கு வைத்த மாதிரி இருக்கு, ஆனால் இல்லை!

இன்னும் பின்னால் போனால், 'ஒளிர்' என்ற பொருளில் 'கண்ட்' அல்லது 'கெண்ட்' போல ஒலித்த ஒரு வேரை மொழியியலாளர்கள் ஊகித்து மீட்டெடுக்கிறார்கள். எழுத்தில் எங்கேயும் கிடைக்காத வேர் அது. லத்தீன் வழியில் மெழுகுதிரியைக் குறிக்கும் 'கண்டில்' வந்தது. சமஸ்கிருத வழியில் அந்தக் 'க' 'ச' ஆகிவிட்டது. லத்தீனில் நான்கு 'க்வத்துவோர்', சமஸ்கிருதத்தில் 'சத்வாரி' என்பதுபோல. அப்படிப் பிறந்ததுதான் 'சந்திர'. ஆக, நாங்கள் சந்திரன் என்று சொல்வதும் மதிலில் கும்பிட்டுக்கொண்டு நிற்பவரும் தூரத்துச் சொந்தம்.

எங்கட 'வேட்பாளர்' வேற குடும்பம். வேட்பு என்றால் விருப்பம், பதவியை விரும்புகிறவர். ரோமர்களிடமும் இதற்கு நெருங்கிய ஒரு சொல் இருந்தது: 'பெத்தித்தோர்', நாடி வருபவர். ஆங்கிலம் தேர்தலில் நிற்பவருக்கு அதை எடுக்கவில்லை. உடுப்பைத்தான் எடுத்தது.