உயரமானவர்களும் நெடும்பயண மோட்டார் சைக்கிளும்: புல்லட் முதல் ஹிமாலயன் வரை

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் உடல் வண்டியோடு மூன்று இடங்களில் பொருந்துகிறது: உட்காரும் இருக்கை, பாதம் தாங்கும் ஃபுட்ரெஸ்ட், கை பிடிக்கும் ஹேண்டில்பார். இம்மூன்றுக்கும் இடையே உள்ள தூரம்தான் பயணம் சுகமா துன்பமா என்பதை முடிவு செய்கிறது. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்குச் சரியாக இருக்கும் வண்டி, ஆறடியைத் தாண்டியவருக்கு முழங்காலை மடக்கிக் குந்தவைத்தது போல ஆகிவிடும். கடைத்தெருவுக்குப் போய்வரும்போது இது தெரியாது. நூறு கிலோமீட்டர் போனபின் முழங்காலும் இடுப்பும் சொல்லும். தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலின் வரலாறு பெரும்பாலும் திருவொற்றியூரில் உருவான புல்லட் வண்டியோடு சேர்ந்தே வருகிறது.

புல்லட்டின் வருகை

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932இல் புல்லட் என்ற பெயரில் வண்டியை அறிமுகப்படுத்தியது. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பிணைந்திருந்தது. சாலையின் குழியும் மேடும் நேரே முதுகெலும்புக்குப் போகாமல் காத்தவை இருக்கைக்கு அடியில் இருந்த இரண்டு சுருள் ஸ்பிரிங்குகளே. உலகப் போருக்குப் பின் வந்த 350 சிசி புல்லட்டில் பின்சக்கரத்துக்கும் அதிர்வு தாங்கிகள் வந்தன. அன்று அது பெரிய முன்னேற்றம்.

அந்த வண்டியைத்தான் இந்திய இராணுவம் எல்லைப் பணிகளுக்குத் தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெடிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு படிப்படியாக எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. 1970இல் இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்டது. சென்னையில் புல்லட் தொடர்ந்து வந்தது, ஏறத்தாழ அதே உருவத்தோடு. இருக்கையின் இடமும் ஃபுட்ரெஸ்டின் இடமும் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை.

புல்லட் என்றால் ஆள் உயரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் தஞ்சை, மன்னார்குடிப் பக்கம் இன்றும் உண்டு. காவல்துறை அதிகாரிகளும் மிராசுதார்களும் அதில் வந்த காட்சி ஒரு காரணம். இன்னொரு காரணம் கிக்கர். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, பிஸ்டனைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்து, உடல் எடை முழுவதையும் போட்டு மிதிக்க வேண்டும். நீண்ட காலும் கனத்த உடலும் உள்ளவருக்கு அது எளிது. தவறாக மிதித்தால் கிக்கர் எதிர்த்து உதைத்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். ஆனால் வண்டியை உயிர்ப்பிப்பது வேறு, அதில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது வேறு. இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் ஐந்தடி ஐந்து அங்குலம். அவர்கள் நின்றால் இரு பாதமும் தரையில் படவேண்டும் என்பதால் இருக்கை தாழ்வாக இருப்பது இயல்பு. அந்தத் தாழ்வுக்கான விலையை உயரமானவரின் முழங்கால் கொடுத்தது.

பட்டறை வைத்தியம்

தொழிற்சாலை ஒரே அளவில் வண்டி கொடுத்ததால், அளவு மாற்றும் வேலை ஊர்ப் பட்டறைகளுக்கு வந்தது. நான் பணியாற்றிய பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஆறடி இரண்டு அங்குலம். பழைய புல்லட் ஒன்றில் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு வாராவாரம் வடுவூர் வழியாகப் போய்வருவார். வண்டியை விட்டு இறங்கியதும் இரண்டு நிமிடம் காலை நீட்டி உதறுவார். மாணவர்கள் அதை உடற்பயிற்சி என்று நினைத்தார்கள்.

அவர் முதலில் செய்தது ஃபுட்ரெஸ்டைத் தாழ்த்தியது. லேத் பட்டறையில் இரும்புத் துண்டு வைத்துப் பற்றவைத்து ஒன்றரை அங்குலம் இறக்கினார்கள். முழங்கால் விரிந்தது, அவருக்கும் மகிழ்ச்சி. பத்து நாள்கூட ஆகவில்லை. பாமணியாற்றுக் கரைச் சாலையில் ஒரு வளைவில் வண்டியைச் சாய்த்தபோது மடங்காத அந்த இரும்பு தரையில் மோதி, பின்சக்கரத்தையே தூக்கிவிட்டது. கரையின் உள்பக்கம் விழுந்ததால் தோள்பட்டையோடு போயிற்று. ஃபுட்ரெஸ்டைத் தாழ்த்தினால் வண்டி சாயக்கூடிய கோணம் குறைகிறது என்பதைக் கணக்காசிரியரான நான் அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் வரைந்து பார்த்தேன். கியர் லீவரும் பிரேக் பெடலும் பழைய உயரத்திலேயே நின்றதால், ஒவ்வொரு முறையும் பாதத்தைத் தூக்கித் தேட வேண்டியிருந்தது என்பது இன்னொரு குறை.

அடுத்து இருக்கையை உயர்த்தினார். இதுவே சரியான வழி. ஸ்பிரிங்குகளுக்கு அடியில் புஷ் வைத்து உயர்த்தி, சீட் கவர் கடையில் மேலே கெட்டியான ஃபோம் போட்டுத் தைத்தார்கள். மெத்தென்ற ஃபோம் போட்டால் உட்கார்ந்ததும் அமுங்கிவிடும், உயர்த்திய அளவு பாதியாகும். இருக்கை உயர்ந்ததும் கை தாழ்ந்துபோய் முதுகு கூனியது. ஹேண்டில்பாரையும் உயர்த்த வேண்டி வந்தது. அப்போது கிளட்ச், ஆக்ஸிலேட்டர், பிரேக் கேபிள்களின் நீளம் போதுமா என்று ஹேண்டிலை இருபக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்ப்பது அவசியம். போதாவிட்டால் திருப்பும்போது கேபிள் இழுபட்டு வண்டி தானே வேகமெடுக்கும். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பட்டறைக்காரருக்குத் தெரிந்திருந்தது. முதல் பட்டறைக்காரருக்குத் தெரியவில்லை.

தொழிற்சாலையின் பதில்

ஐரோப்பாவில் 1980இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ், சாலையிலும் கரட்டுப் பாதையிலும் நெடுந்தூரம் ஓடும் பெரிய வண்டிகளுக்கு வழிகாட்டியது. அந்த வரிசையில் பின்னாளில் வந்த வண்டிகளில் இருக்கையை இரண்டு உயரங்களில் பொருத்தும் வசதி வழக்கமாயிற்று. ஆர் 1250 ஜிஎஸ் வண்டியில் அது 850, 870 மில்லிமீட்டர்.

இந்தியாவில் லடாக் பயணம் இளைஞர்களின் கனவான பிறகுதான் இந்தத் தேவை தொழிற்சாலையை எட்டியது. ராயல் என்ஃபீல்டு 2016இல் வெளியிட்ட ஹிமாலயன் 411 சிசி வண்டியில் இருக்கை உயரம் 800 மில்லிமீட்டர். பார்வைக்கு உயரமான வண்டி, ஆனால் இருக்கை தாழ்வு. குட்டையானவரும் மலைச்சாலையில் காலூன்ற அது நல்லது. ஆறடிக்காரர்கள் மறுபடி சீட் கவர் கடைக்கே போனார்கள். 2023 இறுதியில் வந்த 450 வரிசை ஹிமாலயனில்தான் இருக்கையை 825, 845 என இரு உயரங்களில் வைத்துக்கொள்ள முடிந்தது. இன்னும் தாழ்வாக வேண்டுவோருக்குத் தனி இருக்கையும் கிடைக்கிறது. இருபது மில்லிமீட்டர் என்பது ஒரு அங்குலம்கூட இல்லை. ஆனாலும் மணிக்கணக்கில் மடங்கியிருக்கும் முழங்காலுக்கு அது தெரியும்.

இருக்கை உயர்ந்தால் தலையும் உயரும். முன்னால் உள்ள காற்றுத் தடுப்புக் கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டி வரும் காற்று நேரே ஹெல்மெட்டில் மோதிக் கழுத்தை ஆட்டும், காதில் இரைச்சலும் கூடும். அதனால் உயரமானவர்கள் கண்ணாடிக்கு மேல் சிறு நீட்சி ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியரின் புல்லட்டில் கண்ணாடியே கிடையாது. வடுவூர் ஏரிக் காற்று முழுவதையும் மார்பில் வாங்கிக்கொண்டு, அந்த உயர்த்திய இருக்கையிலேயே பணி ஓய்வு வரை ஓட்டினார்.