விசையின் முகமும் விசையின் பெயரும்

தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வரலாறு யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்த ஒருவரின் பெயரோடு பிணைந்துள்ளது. 1886ஆம் ஆண்டு சுண்டிக்குளியிற் பிறந்த ஆர். முத்தையா, தொழில் தேடிக் கடல்கடந்த அக்காலத்து யாழ்ப்பாணத்தார் பலரைப் போன்று மலாயா நோக்கிச் சென்று, சிங்கப்பூரிலே வணிக நிறுவனமொன்றிற் பணிபுரிந்தவர். ஆங்கிலம் எழுதும் பொறியிலே தமிழ் எழுதவியலாதா என்ற வினாவுக்கு அவர் கண்ட விடை, பொறியியல் சார்ந்ததாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றது. அது எழுத்திலக்கணம் சார்ந்ததுமாகும். இன்று கைத்தொலைபேசிச் செயலிகளை ஆக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கலொன்றை அது முற்கூட்டியே தொட்டு நின்றது என்பதும் நோக்கற்பாலது.

தமிழ் நெடுங்கணக்கின் எழுத்துகள் 247. தட்டச்சுப் பொறியின் விசைகளோ ஏறத்தாழ 45. மாற்று விசையின் துணைகொண்டு விசைக்கு இரு வடிவங்கள் கொள்ளினும் 90 வடிவங்களுக்கு மேல் இடமில்லை. எழுத்துக்கொரு விசை என்ற எண்ணத்தைக் கைவிட்ட முத்தையா, பல எழுத்துகளுக்குப் பொதுவான உறுப்புகளைப் பிரித்தெடுத்துத் தனி விசை வகுத்தார். கொம்பும் காலும் பக்கத்தே நிற்பன, அவற்றாலே தொல்லையில்லை. புள்ளி முதலியனவோ எழுத்தோடு ஒட்டியே அமர்வன. விசையைத் தட்டியதும் தாள் ஓரெழுத்துத் தூரம் நகர்ந்துவிடும் பொறியிலே அவற்றை எங்ஙனம் அமர்த்துவது? தட்டினும் தாளை நகர்த்தாத விசையை அவர் அமைத்தார். 'நகரா விசை' என்பது அதன் பெயர். புள்ளியை முதலில் தட்டினால் தாள் அவ்விடத்திலேயே நிற்கும். அடுத்துத் தட்டும் ககரம் அதன் கீழே விழ, 'க்' உருவாகும். கையால் எழுதுவோன் பின்னர் இடும் புள்ளியைத் தட்டச்சாளன் முன்னர் இடுகின்றான். 'க்' என்னும் எழுத்து எந்த விசையிலும் இல்லை. தட்டும் வேளையிலேதான் அது பிறக்கின்றது.

ஜேர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் இவ்விசையமைப்பிலே பொறிகளைச் செய்தது. இரும்பிலே அமைந்த அப்பொறியில், விசையின் முகத்திற் பொறித்த வடிவம், விசை இருக்கும் இடம், தாளிற் பதியும் அச்சு ஆகிய மூன்றும் பிரிக்கவியலாதவை. அழுத்தப்பட்டது எந்த விசை என்ற ஐயத்துக்கே அங்கு இடமில்லை.

கணினி வந்ததும் இவை பிரிந்தன. பிரிந்த முறைதான் கேடாயிற்று. குடாநாட்டிலும் புலம்பெயர்ந்தோர் நாடுகளிலும் பல்லாண்டுகள் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளலாம். அதிலே 'தமிழ்' எனத் தட்டினால் திரையிலே தமிழ் தோன்றும். கணினியின் நினைவிலோ ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் நான்கும் ஓர் அரைப்புள்ளியுமே பதிந்திருக்கும். முகம் தமிழ், பெயர் ஆங்கிலம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே அக்கோப்பைத் திறப்பவர் காண்பது பொருளற்ற எழுத்துக் குவியல். ஊர் வரலாறுகளும் நினைவு மலர்களும் இவ்வாறு முகமூடியணிந்தே சேமிக்கப்பட்டன என்பது சிறிய செய்தியன்று. 1991இல் வெளிவந்த ஒருங்குறி, தமிழ் எழுத்துறுப்பு ஒவ்வொன்றுக்கும் உலகெங்கும் செல்லுபடியாகும் தனி எண் வழங்கி இக்குறையை நீக்க வழிசெய்தது. இலங்கையில் எஸ்.எல்.எஸ். 1326 : 2008 என்னும் கட்டளை ஒருங்குறியையும் ரங்கநாதன் விசைப்பலகையையும் ஏற்றுக்கொண்டது.

மலேசியரான முத்து நெடுமாறனின் 'செல்லினம்' 2005இல் கைத்தொலைபேசிக்குத் தமிழைக் கொணர்ந்தது. அக்காலத் தொலைபேசிகளிற் பொத்தான்கள் மெய்யான பொத்தான்களே. 2007இன் ஐபோனும் அதன்பின் வந்த அண்ட்ரொயிட் கருவிகளும் அவற்றை அகற்றிக் கண்ணாடியை வைத்தன. கண்ணாடியிலே தோன்றும் பொத்தான் செய்நிரலால் வரையப்படுவது. வேண்டும்போது பிறந்து வேண்டாதபோது மறைவது. எத்தனை பொத்தான்கள் வேண்டும் என்பது செய்நிரலை எழுதுபவருக்கே பல வேளைகளில் முன்கூட்டித் தெரியாது. ஆதலின் பொத்தானை ஆக்கும் கட்டளையை ஒருமுறை எழுதி, வேண்டிய தடவை சுழலவிடுகின்றனர். இங்கேதான் முத்தையாவின் இரும்பு எழுப்பாத ஐயம் எழுகின்றது. நூறு பொத்தான்களும் ஒரே கட்டளையாற் பிறந்து, அழுத்தப்படும்போது ஒரே பணிக்கூற்றை அழைக்கின்றன. அழைத்தது எது?

பொத்தானின் முகத்திலுள்ள சொல்லைக் கொண்டோ வரிசையில் அதன் இடத்தைக் கொண்டோ அறிய முயல்வது தொடக்கநிலையாளர் வழமை. யாழ்ப்பாண மாவட்டத்தின் 435 கிராம அலுவலர் பிரிவுகளுக்கும் பொத்தான் வரையும் செயலியொன்றைக் கருதுக. மொழியைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினால் முகம் மாறும். இடையே ஒரு பிரிவு சேர்ந்தால் இடம் மாறும். மாறாதது 'ஜே' என்னும் எழுத்தோடு நிருவாகம் அப்பிரிவுக்கு இட்ட இலக்கமே. அவ்வாறே பொத்தான் பிறக்கும்போதே அதற்கோர் அடையாளம் இடுதல் வேண்டும். எண் இடப்படாத அண்ட்ரொயிட் பொத்தானை வினவினால் −1 என்றே விடை வரும், ஐபோனிலே 0. அண்ட்ரொயிட்டின் 4.2ஆம் பதிப்பு, 2012இல், மோதாத எண்ணைத் தானே வழங்கும் வசதியைத் தந்தது. எனினும் அவ்வெண் செயலியின் அந்த ஓட்டத்துக்கு மட்டுமே உரியது. பொருளுள்ள அடையாளத்தைப் பொத்தானோடு ஒட்டுச்சீட்டாகப் பிணைத்தலே தக்கது.

தமிழ் விசைப்பலகைகள் சிலவற்றில் இது கண்கூடு. ககரத்தைத் தொட்டதும் உயிர் வரிசை மறைந்து கா, கி, கீ எனப் புதிய பொத்தான்கள் தோன்றும். சகரத்தைத் தொட்டால் அவையே சா, சி, சீ ஆகும். முகத்தை நம்பினால் 216 உயிர்மெய்களையும் தனித்தனியே அறிதல் வேண்டும். அடையாளத்தை நம்பினால் உயிர்கள் பன்னிரண்டே போதும். எழுத்தை உறுப்புகளாகப் பிரித்த சுண்டிக்குளியாரின் கணக்கும் இதுவே.

ஒன்றில் மட்டும் பொறியும் கண்ணாடியும் இன்னும் இணங்கவில்லை. 'கொ' என்பதைத் தட்டச்சாளர் கொம்பு, ககரம், கால் என்னும் வரிசையிலே தட்டுவர். ஒருங்குறியோ ககரத்தை முதலிலும் ஒகரக் குறியை அடுத்தும் வேண்டி நிற்கும். தட்டச்சுப் பழக்கத்தைப் பேணும் மென்பொருள், முதலில் வந்த கொம்பைப் பிடித்துவைத்து, ககரம் வந்தபின் வரிசையைத் திருப்பி, கால் வந்தால் எகரக் குறியை ஒகரக் குறியாக மாற்றுகின்றது.