விருந்தும் வரியும்
ஆங்கிலச் சிற்றூர்க் கோவில்கள் பணம் திரட்டிய வரலாறு

கோவில் கட்டுவது ஒருமுறைச் செலவு; கட்டிய கோவிலைக் காப்பதோ ஓயாத செலவு. கூரையின் ஈயத்தகடு கிழிந்தால் மழைநீர் உள்ளே இறங்கும். மணி விரிசல் கண்டால் உருக்கி மீண்டும் வார்க்க வேண்டும். மெழுகுவத்தியும் திராட்சை மதுவும் பூசை உடையும் ஆண்டு முழுவதும் தேவை. இச்செலவை ஏற்பவர் யார்? பணத்தை எவ்வாறு திரட்டுவது? இவ்வினாக்களுக்கு இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர் மக்கள், 15-ஆம் நூற்றாண்டிலும் அதனை அடுத்து வந்த காலத்திலும் கண்ட விடை விந்தையானது. அவர்கள் கோவிலுக்காக மதுக் காய்ச்சி விற்றார்கள்.

கேட்போர்க்கு நகைப்பைத் தரக்கூடிய இச்செய்தி வெறுங்கதை அன்று. அவ்வூர்க் கோவிற் கணக்கேடுகளே இதற்குச் சான்று. 13-ஆம் நூற்றாண்டளவில் அந்நாட்டில் ஒரு முறை நிலைபெற்றது. பீடம் அமைந்துள்ள முற்பகுதியைப் பழுது பார்ப்பது தசமபாகம் பெறும் குருவின் பொறுப்பு. மக்கள் கூடி நிற்கும் பெரும்பகுதியைக் காப்பது ஊராரின் பொறுப்பு. ஊரார் தங்களுள் இருவரை ஆண்டுதோறும் தேர்ந்து கோவிற் பொருளை அவர்கள் கையில் ஒப்படைப்பர். தமிழ் வழக்கில் அவர்களைத் தருமகர்த்தாக்கள் எனலாம். ஆனால் அவர்கள் பெருஞ் செல்வர் அல்லர், பெரும்பாலும் உழவரே. சில ஊர்களில் பெண்களும் இப்பதவியை வகித்தனர். ஆண்டு முடிவில் ஊரார் முன்னிலையில் வரவு செலவைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அவ்வாறு எழுதிய ஏடுகளுள் சோமர்செட் மாவட்டத்து யாட்டன் ஊரின் ஏடு 1445-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றது.

அந்த ஏடுகளில் அடிக்கடி வருவது ‘ஏல்’ என்னும் சொல். முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து காய்ச்சும் மதுவுக்கு அது பெயர். அம்மதுவைப் பருகக் கூடும் விருந்துக்கும் அதுவே பெயராயிற்று. திருமணத்தைக் குறிக்கும் ‘பிரைடல்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் மணமகளின் ‘ஏல்’ விருந்து என்பதிலிருந்து பிறந்ததே. பழைய ஏல் மதுவில், பின்னாளில் பீரில் சேர்த்த ஹாப் என்னும் கசப்புப் பூ இல்லை. ஆகையால் அது சில நாளிலேயே புளித்துவிடும். காய்ச்சினால் உடனே விற்றாக வேண்டும். உடனே விற்பதற்குக் கூட்டம் வேண்டும். சரக்கின் இயல்பே விருந்தின் இயல்பை வகுத்துவிட்டது.

விருந்துக்கு முன்னேற்பாடு

இவ்விருந்து தற்செயலாக நடந்த களியாட்டம் அன்று. பல திங்களுக்கு முன்பே திட்டமிட்டு நடத்திய வாணிகம் அது. கார்ன்வால் நாட்டைப் பற்றி 1602-ல் நூல் வெளியிட்ட ரிச்சர்டு கேரு என்பார் அதன் நடைமுறையை விளக்கியுள்ளார். முன்னாண்டுப் பொறுப்பாளர்கள் இரண்டு இளைஞரை அடுத்த ஆண்டுக்கெனத் தேர்ந்தெடுப்பர். அவ்விருவரும் வீடு வீடாகச் சென்று, மக்கள் மனமுவந்து அளிப்பதைத் திரட்டுவர். திரட்டியதைக் கொண்டு மதுவும் ரொட்டியும் பிற உணவும் ஆயத்தம் செய்வர். பெந்தெகொஸ்தே திருநாளில் ஊரார் கோவில் வீட்டில் கூடித் தங்கள் பணத்தைக் கொடுத்து உண்பர். செலவு போக எஞ்சுவது கோவிலுக்கு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மாவைக் கொடுத்தவனே பின்பு அந்த மாவாற் செய்த ரொட்டியை விலை கொடுத்து வாங்குகின்றான். ஒரே மனிதனிடம் இருமுறை வாங்கியும் அவன் முகம் சுளிக்கவில்லை. முதன்முறை கொடுத்தது அவன் வயலில் விளைந்தது. இரண்டாம் முறை கொடுத்ததற்கு வயிறு நிறைந்தது! அண்டை ஊராரும் வந்து செலவிடுவர். இவ்வூரார் அவர்கள் விருந்துக்குச் சென்று அக்கடனைத் தீர்ப்பர். சில ஊர்களில், கோவில் விருந்து நடக்கும் நாள்களில் வேறெவரும் மதுக் காய்ச்சி விற்கலாகாது என்னும் தடையும் இருந்தது.

கோவில் வீடு என்றது கோவிலை அடுத்து ஊரார் எழுப்பிய தனிக் கட்டடம். காய்ச்சும் அண்டாக்களும் இறைச்சி வாட்டும் கம்பிகளும் தட்டுகளும் அங்கிருந்தன. திருமணம் முதலியவற்றுக்கு அப்பாத்திரங்களை வாடகைக்கு விட்டதும் ஒரு வரவு. சோமர்செட்டில் குரோகூம் என்னும் ஊரில் 1515-ல் தோன்றிய கோவில் வீடு இன்றும் நிற்கின்றது.

யாட்டன் ஊரில் கோவில் வருவாயின் முதுகெலும்பாக விளங்கியது இவ்விருந்தே. அவ்வருவாயைக் கொண்டு 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் சிலுவையைத் தாங்கும் அழகிய மரத்தட்டியை அமைத்தார்கள். அதைச் செதுக்கிய குரோஸ் என்னும் தச்சர் மனமகிழ்ந்து வேலை செய்யும் பொருட்டு, அவருக்கு இடையிடையே ஏல் வாங்கிக் கொடுத்த செலவும் கணக்கிலேறியுள்ளது. கலைஞனை எவ்வாறு நடத்துவது என்பதை அவ்வூர் உழவர் அறிந்திருந்தனர்.

மது ஒன்றே வழியாக இருந்ததில்லை. ஈஸ்டருக்குப் பின் வரும் இரண்டாம் திங்களும் இரண்டாம் செவ்வாயும் ‘ஹாக்’ நாள்கள். ஒருநாள் பெண்கள் கயிறு பிடித்துத் தெருவை மறித்து, வழிப்போகும் ஆடவரைக் கட்டிப்போடுவர். மீட்புப் பணம் கொடுத்த பிறகே விடுவர். மறுநாள் ஆடவர் முறை. திரண்ட காசு கோவிலுக்குச் சேரும். கணக்கேடுகளைப் புரட்டினால் பெண்கள் திரட்டிய தொகையே பெரும்பாலும் மிகுந்து காணப்படுகின்றது. 1450-ல் உஸ்டர் நகர மேற்றிராணியார் இவ்வழக்கத்தைக் கண்டித்துத் தடை விதித்தார். ஆயினும் வேறு இடங்களில் அது நெடுங்காலம் நீடித்தது.

காட்டு வீரன் ராபின் ஹூட்டின் வேடம் புனைந்து ஊர் ஊராகச் சென்று பணம் திரட்டும் வழக்கமும் உண்டு. பணக்காரரைக் கொள்ளையிட்டவன் எனக் கதைகள் கூறும் ஒருவன் கோவிலுக்குத் தண்டல்காரன் ஆனது வேடிக்கையே. தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள கிங்ஸ்டன் ஊரில், அவ்விழாவின்போது காசு கொடுத்தோர்க்கு உடையிற் குத்திக்கொள்ளச் சிறு சின்னங்கள் வழங்கினர். பிற்காலத்துக் கொடி நாளுக்கு அது பாட்டன் முறை எனலாம்.

மோர்பாத் ஊரின் கதை

டெவன் மாவட்டத்தில் மோர்பாத் என்னும் மலையோரச் சிற்றூர். முப்பத்துச் சொச்சம் குடும்பங்களே வாழ்ந்த இடம். 1520 முதல் 1574 வரை கிறிஸ்டபர் டிரிக்கி என்னும் ஒரே குருவானவர் அங்கே பணியாற்றினார். கோவிற் கணக்கையும் அவரே எழுதி ஊராருக்குப் படித்துக் காட்டினார். எய்மன் டஃபி என்னும் வரலாற்றறிஞர் 2001-ல் வெளியிட்ட நூலால் அந்த ஏடு உலகறிந்ததாயிற்று.

அச்சிறு கோவிலில் ஒவ்வொரு புனிதரின் விளக்குக்கும் ஒரு தனி நிதி இருந்தது. இளைஞருக்கு ஒரு நிதி. கன்னியருக்கு ஒரு நிதி. கோவிலுக்குச் சொந்தமான ஆடுகளை வீட்டுக்கு ஒன்றிரண்டாகக் குடியானவர் வளர்த்தனர். கம்பளியை விற்ற பணம் நிதியிற் சேர்ந்தது. இளைஞர் ஒரு விருந்தும் பொறுப்பாளர் ஒரு விருந்தும் நடத்தினர். ஆகவே, வீட்டுக்கு ஒருவரேனும் என்றேனும் ஒருநாள் ஊர்ப் பணத்தைக் கையாண்டு கணக்குச் சொல்லியே தீர வேண்டும். ஏழை எளியோரும் பொது வேலை பழகிய பள்ளி அதுவே.

அந்தக் குருவானவர் அடக்கப் பூசைக்குரிய கறுப்பு உடை ஒன்றை வாங்க வேண்டும் என்று ஆசை கொண்டார். தமக்குரிய சிறு வருவாயையே ஒதுக்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறுகச் சிறுகச் சேர்த்தார். 1547-ல் உடை வந்தது. அதே ஆண்டில் எட்டாம் ஹென்றி மறைந்தான். அவன் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சி பிறந்தது. சீர்திருத்தக் கிறிஸ்தவம் நாட்டுச் சட்டமாயிற்று. பழைய பூசையும் அதற்குரிய உடையும் விலக்கப்பட்டன. இருபதாண்டுச் சேமிப்பு இன்னதென்று அறியாமல் போயிற்று.

புனிதர் நிதிகள் அதற்கு முன்பே மறையத் தொடங்கியிருந்தன. ஆடுகள் போயின, விருந்துகளும் நின்றன. வரவு நின்றபோதும் புதிய நூல்கள் வாங்கவும் அரசின் கட்டளைகளை நிறைவேற்றவும் செலவு நிற்கவில்லை. ஊரார் கோவிற் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றனர். 1553-ல் மேரி அரசியானதும் மறைத்துவைத்த சில பொருள்கள் வீடுகளிலிருந்து மீண்டு வந்தன என்று அந்த ஏடு மகிழ்ச்சியோடு பதிவு செய்கின்றது.

எதிர்ப்பும் தடையும்

எலிசபெத் காலத்தில் பல ஊர்களில் விருந்து மீண்டும் நடந்தது, எதிர்ப்பும் வலுத்தது. 1583-ல் பிலிப் ஸ்டப்ஸ் என்பார், எவன் மிகுதியாகக் குடித்துச் செலவிடுகின்றானோ அவனே பெரும் பக்திமான் எனப் பெயர் பெறுகின்றான் என்று எள்ளி எழுதினார். தூய்மை நெறியினரான பியூரிட்டன்களுக்கு ஓய்வுநாளில் ஆடலும் குடியும் பொறுக்க முடியாத பாவம். நீதிபதிகளுக்கோ அடிதடியும் குழப்பமும் அச்சம் தந்தன. இவ்வெதிர்ப்பை வெறும் கடுகடுப்பு என்று தள்ளிவிட இயலாது. குடியால் குடும்பம் கெடுவதைத் தோட்டப்புறங்களிற் கண்ட தமிழர்க்கு அதன் நியாயம் விளங்கும்.

வேறொரு காரணமும் உண்டு. 1598, 1601 ஆகிய ஆண்டுகளின் ஏழையர் சட்டங்களால் ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளுக்காக வரி தண்ட வேண்டியதாயிற்று. ஒரு வரிக்குப் பட்டியல் எழுதக் கற்றவர்க்கு இன்னொரு வரிக்கு எழுதுவது எளிது. கோவில் வரி முன்னும் அறியாதது அன்று. ஆயினும் விருந்தின் இடத்தை அது பிடித்தது இக்காலத்திலேதான்.

முதலாம் ஜேம்ஸ் மன்னன் 1618-ல் வெளியிட்ட அறிக்கை, ஞாயிறு வழிபாடு முடிந்தபின் பெந்தெகொஸ்தே விருந்தும் நடனமும் தடையின்றி நடைபெறலாம் என்றது. ஆயினும் 1632-ல் தலைமை நீதிபதி ரிச்சர்ட்சன் சோமர்செட்டில் இவ்விருந்துகளைத் தடை செய்து, அத்தடையைக் கோவில்களிற் படிக்குமாறும் குருமாருக்கு ஆணையிட்டார். கோவிலுக்குள் ஆணையிட நீதிபதி யார் என்று தலைமை மேற்றிராணியார் லாட் வெகுண்டார். நீதிபதி தம் ஆணையைத் திரும்பப் பெறும்படி ஆயிற்று. அப்பகுதி மேற்றிராணியார் வில்லியம் பியர்ஸ் தம் குருமார் 72 பேரைக் கேட்டறிந்து, 1633-ல் விடை எழுதினார். விருந்துகளால் கோவில்கள் பழுது நீங்கின, மணிகள் வார்க்கப்பட்டன, பிணங்கிய அயலார் இணங்கினர் என்பது அவ்விடையின் சாரம். அவ்வாண்டிலேயே முதலாம் சார்லஸ் மன்னன் தந்தையின் அறிக்கையை மீண்டும் வெளியிட்டான். பத்தாண்டு சென்றது. 1643-ல் பாராளுமன்றம் அவ்வறிக்கையைத் தீயிலிடப் பணித்தது. விருந்துகள் பெரும்பாலும் அத்தோடு ஒழிந்தன.

விருந்துக்கு வராதவனை எவரும் சிறையில் தள்ளியதில்லை. வரியோ அத்தகையது அன்று. கோவிலுக்கு வருபவனும் கொடுக்க வேண்டும். வேறு சபையில் வழிபடுபவனும் கொடுக்க வேண்டும். செம்ஸ்போர்டு நகரில் ஜான் தோரோகுட் என்னும் செருப்புத் தொழிலாளி, தாம் சேராத கோவிலுக்கு வரி கொடுப்பது தம் மனச்சான்றுக்கு மாறு என்று மறுத்தார். அவர் கொடுக்க வேண்டியது ஐந்தரை ஷில்லிங்கு. அதற்காக 1839 சனவரியில் சிறை புகுந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டு அங்கிருந்தார். பிரெயின்ட்ரி என்னும் ஊரிலோ, பெரும்பான்மையோர் மறுத்தும் பொறுப்பாளர்கள் 1837-ல் வரி விதித்தனர். வழக்கு மூண்டது, நீதிமன்றம் மாறி நீதிமன்றம் ஏறியது. 1853-ல் பிரபுக்கள் சபை, ஊர்க்கூட்டத்தின் பெரும்பான்மை இன்றி விதித்த வரி செல்லாது என்று தீர்த்தது. கூரையைச் செப்பனிட எழுந்த பேச்சு பதினாறு ஆண்டு வழக்காயிற்று. கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டத்தால் 1868-ல் கட்டாயக் கோவில் வரி ஒழிந்தது.

கட்டாயம் போயிற்று, கூரை ஒழுகுவது போகவில்லை. மீண்டும் மக்களின் விருப்பத்தை நாடவேண்டிய நிலை. அதற்குள் வேறொரு வழி தோன்றியிருந்தது. 1816-ல் லண்டன் சோஹோ சதுக்கத்தில் ஜான் டிராட்டர் என்பார், நெப்போலியன் போரில் மாண்டோரின் மனைவியரும் மக்களும் தங்கள் கைவேலைகளை விற்கும் பொருட்டு ஓர் அங்காடியைத் திறந்து ‘பசார்’ என்று பெயரிட்டார். பாரசீகச் சொல் அது; மலாய்க்காரர் ‘பாசார்’ என்பதும் அதே சொல்லே. அறப்பணிக்குப் பொருள் விற்கும் சந்தைக்கெல்லாம் அப்பெயர் பரவியது. பெண்கள் பின்னியும் தைத்தும் சுட்டும் கொணர்ந்தவற்றைக் கோவிலுக்காக விற்றனர். ஆளுகையில் வாக்கில்லாத பெண்களே கடன் தீர்த்தார்கள். இங்கும் கண்டனம் எழாமலில்லை: குலுக்குச் சீட்டு சூதாட்டம் என்றனர், தேநீருக்கு அநியாய விலை என்றனர். குடியைப் பற்றிக் குறை கூறுவார் இல்லை. மேசைமேல் இருந்தது தேநீரன்றோ!

கோவில் வீடுகளிற் பல மதுக்கடைகளாயின. சில ஏழையர் விடுதிகளாயின. குரோகூம் வீட்டின் கீழ்த்தளத்தில் ஆதரவற்றோர் தங்கினர். மேல்தளத்திற் பிள்ளைகள் படித்தனர். பின்பு பழுது நீக்கிய அக்கட்டடத்தில் ஊரார் இன்றும் கூட்டங்களும் நிகழ்ச்சிகளும் நடத்துகின்றனர்.