பிரேசில் சென்ற ஜப்பானியரும் ஜப்பான் வந்த பேரப்பிள்ளைகளும்

1908 ஜூன் 18 அன்று கசாட்டோ மாரு என்னும் கப்பல் 781 ஜப்பானியருடன் பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தை அடைந்தது. பிரேசிலில் 1888இல் அடிமை முறை ஒழிந்தபின், சாவோ பாவுலோவின் காப்பித் தோட்டங்களில் இத்தாலியர் வேலை செய்து வந்தனர். தோட்டங்களின் அவலநிலை காரணமாக, பயணச்செலவு கொடுத்து ஆள் திரட்டுவதை இத்தாலிய அரசு 1902இல் தடை செய்தது. அந்த இடத்தை நிரப்பவே ஜப்பானியர் அழைக்கப்பட்டனர். சில ஆண்டுகள் உழைத்து, பணத்துடன் ஊர் திரும்பலாம் என்று அவர்கள் எண்ணினர். கூலியோ கடனுக்கே போதவில்லை. பலர் தோட்டத்தை விட்டு வெளியேறினர். பின்னர் சொந்த நிலம் வாங்கிப் பயிரிட்டு அங்கேயே நிலைத்தனர். 1941 வரை ஏறத்தாழ 1,90,000 ஜப்பானியர் பிரேசில் சென்றனர்.

எண்பது ஆண்டுகளில் திசை மாறியது. 1980களில் பிரேசில் கடனிலும் கடும் பணவீக்கத்திலும் சிக்கியது. ஜப்பானிலோ தொழிற்சாலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. உடலுழைப்பு வேலைக்கு வெளிநாட்டவரை அனுமதிக்க விரும்பாத ஜப்பான், 1990இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தத்தின் மூலம், ஜப்பானிய வம்சாவளியினருக்கு மூன்றாம் தலைமுறை வரை நீண்டகாலம் தங்கி எந்த வேலையும் செய்யும் உரிமை அளித்தது. சட்டம் பேசியது உறவின் மொழி. தேவைப்பட்டது உழைக்கும் கைகள். ஹமாமட்சு, டொயோட்டா, ஓயிசுமி போன்ற தொழில் நகரங்களில் போர்த்துக்கேய மொழிப் பலகைகள் தோன்றின. 2007இல் ஜப்பானில் வாழ்ந்த பிரேசில் நாட்டவர் 3 லட்சத்தைத் தாண்டினர்.

முகம் ஜப்பானிய முகமாக இருந்தும் பேச்சாலும் பழக்கத்தாலும் இவர்கள் அந்நியராகவே கருதப்பட்டனர். பிரேசிலில் 'ஜப்பானியர்' எனப்பட்டவர்கள் ஜப்பானில் 'பிரேசிலியர்' ஆயினர். வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்கு அங்கு கட்டாயக் கல்வி பொருந்தாததால், இரு மொழியிலும் தேர்ச்சியின்றி வளர்ந்த சிறுவர்கள் பலர். இந்த வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இவர்களின் கதையே.

2008 பொருளாதார நெருக்கடியில் முதலில் வேலை இழந்தவர்களில் ஆள்வழங்கு நிறுவனங்கள் வழியே அமர்த்தப்பட்ட இத்தொழிலாளர்களும் அடங்குவர். 2009இல் ஜப்பானிய அரசு, நாடு திரும்ப விரும்பும் வம்சாவளித் தொழிலாளிக்கு 3 லட்சம் யென்னும் உடன் செல்லும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் 2 லட்சம் யென்னும் தருவதாக அறிவித்தது. பணம் பெற்றவர் அதே உரிமையுடன் மீண்டும் வரக்கூடாது என்பது நிபந்தனை. 20,000க்கும் மேற்பட்டோர் பணம் பெற்றுச் சென்றனர். கடும் விமர்சனத்துக்கு உள்ளான அந்த நிபந்தனை 2013இல் தளர்த்தப்பட்டது.

2018இல் நான்காம் தலைமுறையினருக்கும் கதவு திறந்தது. ஆண்டுக்கு 4,000 பேர் வரை வரலாம். ஆனால் ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும், குடும்பத்தை அழைத்துவர முடியாது. வந்தவர்கள் அந்த எண்ணிக்கையின் அருகில்கூட இல்லை.