சரித்திரமும் நம் அறியாமையும்



நம் குலத்தின் சரித்திரத்தை நூலாக எழுதி வெளியிடல் வேண்டுமென்று நம்மவருட் பலர் விரும்புகின்றனர். அவ்விருப்பம் மிக நன்று. ஆயினும், சரித்திரத்தை ஆழ்ந்து கற்குந்தோறும் நாம் அறிந்தது சிறிது, அறியாதது பெரிது என்பதே புலனாகும். இதனை எனக்கு உணர்த்தியது கழுகுமலை.

கோவிற்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் கரிசற் பூமியிடையே நிற்பது அம்மலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய வெட்டுவான் கோயில் அதன்கண் உள்ளது. மேற்பகுதி அழகுற அமைந்தது. அடிப்பகுதியோ முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. தந்தையாகிய சிற்பி, மகனது திறமை கண்டு அழுக்காறுற்று அவனைக் கொன்றமையால் வேலை நின்றதென்பர். அக்கதையைச் சரித்திரமென்றே பல்லாண்டு கற்பித்து வந்தேன். ஒருநாள் மாணாக்கனொருவன், "ஐயா, இஃது எந்தக் கல்வெட்டில் உள்ளது?" என்று வினவினான். விடை கூற நாவெழவில்லை.

அன்றுதொட்டு ஆராயப் புகுந்தேன். கோயில் 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஆட்சியில் எழுந்ததென அறிஞர் கணிக்கின்றனர். ஆனால் உளி பிடித்தவன் பெயரையோ, வேலை நின்ற காரணத்தையோ கூறும் கல்வெட்டு யாதுமில்லை. அதே மலையிற் சமணத் திருவுருவங்களின் அருகே சுமார் 100 வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. இன்ன ஊரினர் இன்னார் செய்வித்த திருமேனி என்பதே அவற்றிற் பெரும்பாலனவற்றின் செய்தி. குரத்தியர் எனப்பட்ட பெண்ணாசிரியர் பெயர்களும் அவற்றுள் உண்டு. அவர் யாரிடம் கற்றனர்? யாது கற்பித்தனர்? பெயர் கிடைத்தது, வாழ்க்கை கிடைத்திலது. ஒரு விடை பெறப் பத்து வினாக்கள் எழுந்தன.

கல்லில் எழுதியோர் நிலையே இதுவாயின், எழுதாத நம் முன்னோர் நிலை என்னாம்? என் பாட்டனாருடைய பாட்டனார் பெயரை என் வீட்டிலேயே வினவினேன், சொல்வார் ஒருவருமிலர். கரிசலை உழுது பருத்தி விளைத்த அவர் பெயரறியாத யான், ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அரசனொருவனை என் மூதாதை என்று எழுதுவது எங்ஙனம் தகும்?

ஆதலின் நூலெழுதுமுன், ஒவ்வொரு குடும்பத்தாரும் பழைய ஓலைகளையும் கிரயப் பத்திரங்களையும் பரணிலிருந்து இறக்கிப் பாதுகாப்பீராக. முதியோர் இருக்கும்போதே அவர் கூறுவனவற்றை எழுதிக்கொள்வீராக. சான்றுள்ளதைச் சான்றுடன் எழுதுவோம். செவிவழி வந்ததைச் செவிவழிச் செய்தியென்றே எழுதுவோம். எஞ்சியதை "அறியோம்" என்று எழுதுவோம். அங்ஙனம் எழுதுதல் நம் குலத்திற்கு இழிவன்று. பொய்ப் பெருமையைப் பிள்ளைகட்கு விட்டுச் செல்வதே இழிவாகும்.