இடக்கை மிருதங்கம்



நேற்று என் பேத்தி இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். வாய் வரை வந்த அதட்டலை அடக்கிக்கொண்டேன். அப்போது பழனி சுப்பிரமணிய பிள்ளையின் நினைவு வந்தது. அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஜாஸ் இசைக்குழுவில் தலைவருக்குத் துணையாக டிரம்ஸ் வாசிப்பவரை 'சைட்மேன்' என்பார்கள். நம் கச்சேரியில் அது பக்கவாத்தியம். பாடகர் பெயருக்குக் கீழேதான் அவர் பெயர் வரும். பழனி அப்படி வாழ்ந்த மிருதங்க மேதை. 1908இல் பிறந்தவர். தந்தை முத்தையா பிள்ளையும் லய வித்துவான். மாமூண்டியா பிள்ளையின் புதுக்கோட்டை வழி அவர்களுடையது.

பழனிக்கு இடது கைப் பழக்கம். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால், மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்காருவார், வயலின் இடப்பக்கம். இடக்கைக்காரர் வந்தால் வயலின்காரர் எழுந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும். பலர் அதற்குச் சம்மதிக்கவில்லை. வித்தை கையில் இருந்தும் மேடை கிடைப்பது அரிதாயிற்று.

கை கொடுத்தவர் செம்பை வைத்தியநாத பாகவதர். தம் கச்சேரிகளில் பழனியைத் தொடர்ந்து வாசிக்க வைத்தார். வயலின் இடம் மாறியது. அதன்பின் பழனியின் தொப்பி நாதத்துக்கும், பாட்டோடு இழைந்து போகும் சர்வலகுவுக்கும் ரசிகர்கள் காத்திருந்தார்கள். கஞ்சிராவிலும் அவர் பெரிய வித்துவான்.

1962இல், 54 வயதில் காலமானார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது மிருதங்கத்துக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1966இல், பாலக்காடு மணி ஐயருக்கு. பழனியின் சீடர் திருச்சி சங்கரன் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 2011இல் அதே விருதைப் பெற்றார்.

ஓட்டப்பிடாரத்தில் என்னிடம் படித்தவர்களே, இடது கையால் எழுதிய பிள்ளைகளின் விரல் முட்டியில் நான் ஸ்கேலால் தட்டியிருக்கிறேன். நல்லது செய்வதாகவே நினைத்தேன். பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைத்திருந்தால் போதும், பக்கத்துப் பிள்ளையின் கை இடித்திருக்காது. அது எனக்குத் தோன்றவில்லை.

உங்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் வாத்தியாரைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், அதன் போக்கில் எழுத விடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.